நான்காம் எண்ணுக்கு ஒரு மார்க்

ஜூன் 2, திங்கள்

பூங்கொடி இந்த மாதப் போட்டியை அறிவித்துவிட்டார். போட்டி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நட்புச் சவால் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இசை போடும் பைத்தியங்கள் சேர்ந்து நடத்தும் இணையக் குழு எங்களுடையது. மாதம் ஒரு கற்பனை விளையாட்டு, அதற்கு ஆளுக்கொரு மெட்டு. யாருடையது என்று தெரியாது, எண் மட்டும்தான் இருக்கும். எல்லோரும் மற்ற எல்லோருக்கும் பத்துக்கு மார்க் போட்டு ஒரு வரி எழுத வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் கூடி, அவரவர் போட்ட மார்க்கை அவரவர் வாயாலேயே வாசிக்க வேண்டும். எல்லோரும் வாசித்து முடித்த பிறகுதான் எந்த எண் யாருடையது என்று பூங்கொடி சொல்வார். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாதவன் மார்க் போடக்கூடாது என்பது குழு தொடங்கிய நாளிலிருந்து சட்டம். என் வாசிப்பைக் கேட்பதற்கென்றே கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது நான் சொன்னதல்ல, வில்பிரட் சொன்னது.

இந்தத் தடவை கற்பனை இல்லை. கோயம்புத்தூரில் பூங்கொடியும் அவர் கணவரும் நிஜமாகவே ஒரு விளையாட்டு தயாரிக்கிறார்கள். ஜெயிப்பவர்தான் அது முழுவதற்கும் இசை. முதல் திரையிலேயே பெயர் வரும்.

வெள்ளம் புகுந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஒரு பெண் மாடி மாடியாகக் கீழே இறங்குகிறாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தளத்துக்கு இசை கேட்டிருக்கிறார்கள். விளையாடுகிறவர் அங்கே ஐந்து நிமிஷத்தில் தப்பிக்கலாம், ஒரு மணி நேரம் திணறவும் செய்யலாம். அதனால் இசைக்கு முடிவே இருக்கக் கூடாது. கடைசிச் சுரமும் முதல் சுரமும் ஒட்டிய இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லூப் என்போம். ஒட்டு தெரிந்தால் கதை முடிந்தது.

ஆடிப் பார்ப்பதற்கு ஒரு மாதிரியும் அனுப்பியிருக்கிறார். நான் திறக்கவில்லை. எனக்கு விளையாட்டு ஆடவெல்லாம் பொறுமை கிடையாது. நான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தே நரைத்தவன். இப்போது நகைக்கடைக்கும் அப்பளத்துக்கும் விளம்பர மெட்டு போடுகிறேன். அதிலும் கடைக்காரர்களின் பிள்ளைகள் மெஷினிடமே மெட்டு கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். இதை நான் ஜெயித்தாக வேண்டும். இரண்டு தடவை அந்த நாகர்கோவில்காரன் வில்பிரட்டிடம் கோட்டை விட்டது போதும்.

ஜூன் 4, புதன்

இன்று ஒரு வேடிக்கை. சாப்பிடும்போது என் மனைவி மதி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“இந்தத் தடவ நானும் ஒண்ணு அனுப்பலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“ஒங்க சவாலுக்குத்தான். பூங்கொடிட்ட கேட்டேன். தாராளமா வாங்கக்கான்னு சொல்லிட்டா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. “ஒனக்கு எப்படி வரும்? ஒரு வருஷமாவது உக்காரணும்லா?”

“நீங்க பழைய லேப்டாப்புல சொல்லிக் குடுத்தீங்கல்லா. மிச்சத்த நானே தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டேன்.”

போன வருஷம் இரண்டு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தேன். புல்லாங்குழல் சத்தத்தை எப்படி எடுப்பது, எப்படிப் பதிவது என்று. மூன்றாம் நாள் எனக்கு வேலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை.

மதி இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்வருகிறவள். பஸ்ஸில் போனில் ஏதாவது விளையாட்டு ஆடிக்கொண்டே போவாள், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் ஆடுவாள். அதனால் இசை வந்துவிடுமா? இருந்தாலும் நான் தடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

ஜூன் 6, வெள்ளி

மத்தியானம் உருப்படியாக நாலு சுரம் யோசிக்க முடியவில்லை. மதி லீவு போட்டிருந்தாள். அடுக்களையில் இட்லிக் கொப்பரை மூடியைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போட்டாள். அப்புறம் மறுபடியும்.

“என்ன அங்க?” என்று கத்தினேன்.

“ஒண்ணுமில்ல, கை நழுவிட்டு!”

ஒரே மூடி எத்தனை தடவை கை நழுவும்? எழுந்து போய்ப் பார்த்தால் ஆள் அடுக்களையில் இல்லை. பாத்ரூமில், பாதி தண்ணீர் இருக்கிற நீல டிரம்மை மத்தால் தட்டிக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாக்கேன்” என்றாள்.

உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியப் போகிறது. இதற்கு ஒரு மத்து. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் ஊர் ஆனித் தேர்த் திருவிழா விளம்பரத்துக்கு நாதஸ்வரம் சேர்த்துக் கொடுக்க வேண்டியதும் பாக்கி.

ஜூன் 9, திங்கள்

ஒன்றும் ஓடவில்லை. அப்பளக்காரர் போனை எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

முடித்துவிட்டேன். என்னால் இப்படி ஒன்று இனிமேல் முடியுமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அடியில் முப்பது வயலின். அதன்மேல் ஷெனாய் தனியாக அழுதுகொண்டே ஏறும். உச்சியில் கோயில் மணி, கூட்டமாக ஆண் குரல்கள். ஒரு நகரமே மூழ்கியது போல் இருக்கிறது.

மதி ஆபீஸ் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்க விடாமல் நிறுத்திப் போட்டுக் காட்டினேன். யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. வீட்டுக்குள் என்ன விதி?

கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாள். “நல்லாருக்கு.”

“நல்லாருக்குன்னா? எப்படி?”

“அந்தப் பொண்ணு அங்க கதவத் தேடிட்டு இருப்பா. இருட்டுல ஒண்ணும் தெரியாது. அடுத்த ரூம்ல தண்ணி சொட்டும், அந்தச் சத்தத்த வச்சுத்தான் கதவு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணும். இவ்வளவு பெருசா வாசிச்சா அவளுக்கு எப்படிக் கேக்கும்?”

“நீ ஆடிப் பாத்தியோ?”

“அந்தத் தளத்துலயே ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன்.”

“நான் போடுதது மியூசிக். குழாய் ரிப்பேர் இல்ல.”

அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். நான்தான் பின்னாலேயே போய், “சரி, ஒன்னோடதப் போட்டுக் காட்டு, ஏதாவது திருத்தித் தாரேன்” என்றேன்.

“வேண்டாங்க. எதுன்னு தெரிஞ்சிட்டுன்னா ஒங்களால மார்க் போட முடியாது.”

குழுவில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, எனக்கே சட்டம் சொல்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

சுவருக்கு அந்தப் பக்கம் மதி வாசிப்பது கேட்டது. நான் சொல்லிக்கொடுத்த அதே புல்லாங்குழல். தாலாட்டு மாதிரி நாலு சுரம், திரும்பத் திரும்ப அதே நாலு சுரம். கேட்கப் பாவமாக இருந்தது. கூட்டத்தில் வில்பிரட் ஏதாவது சொல்லிவிட்டால் தாங்க மாட்டாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அனுப்புவதற்குக் கடைசி நாள். காலையிலிருந்து நான் என் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு மணியின் ஒலியை ஏற்றவும் இறக்கவுமாகப் பொழுது போய்விட்டது. மதி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஒரு காது மட்டும் கேட்கும் அந்தப் பழைய இயர்போனில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த இடம்தான் வசதி. மதியம் சாப்பாடு நேரத்துக்கு வந்துவிட்டது. மோர்க்குழம்பு.

ஜூன் 17, செவ்வாய்

எண்கள் வந்துவிட்டன. என்னுடையது இரண்டு.

ஆறாம் எண் மதியினுடையது. போட்ட உடனே தெரிந்துவிட்டது. அதே புல்லாங்குழல், அதே தாலாட்டு. ஒட்டுகிற இடத்தில் மாட்டு வண்டி கல்லில் ஏறியது மாதிரி குலுங்குகிறது. பாவம்.

நான்காம் எண்ணைப் பற்றி எழுத வேண்டும். மெட்டே இல்லை. தகரம் மாதிரி ஏதோ விழுந்து அதிர்ந்து அடங்குகிறது. அடியில் கிணற்றுக்குள் யாரோ தட்டுவது போலக் கும்மென்று ஒன்று. நடுவில் நீளமாக மௌனம். மறுபடி தகரம். காப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. எத்தனை சுற்று ஓடியது, எப்போது முதல் சுற்று முடிந்தது, ஒன்றும் தெரியவில்லை. ஒட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன்.

இது வில்பிரட்டின் வேலைதான். அவன்தான் இந்த மாதிரி கனமான சத்தம் தேடி அலைகிறவன். எல்லோரும் இதற்கு ஒன்பதும் பத்தும் அள்ளிக் கொடுக்கப் போகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஜூன் 18, புதன்

மார்க் அனுப்பிவிட்டேன். ஆறாம் எண்ணுக்குப் பத்து. நம் வீட்டு ஆளுக்கு நாம் செய்யாமல் யார் செய்வது? மற்றதற்கெல்லாம் நியாயமாகத்தான் போட்டேன். ஒன்பதாம் எண்ணில் வீணையை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தார்கள், எட்டு கொடுத்தேன்.

நான்காம் எண்ணுக்கு ஒன்று. ஒட்டு தெரிகிறது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். எனக்குத் தெரியவில்லை என்பதற்காக யாருக்கும் தெரியாமல் போய்விடுமா? இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். எழுதிய வரியை நாலு தடவை திருத்தினேன், சிரிப்பு சரியான இடத்தில் விழ வேண்டுமே.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்குக் கூட்டம். நான் என் அறையில் இருந்தேன். மதி எதிரே கூடத்தில், போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் பேசினால் எதிரொலிக்கிறது என்று பூங்கொடி என் கதவைச் சாத்தச் சொன்னார். நான் பாதிதான் சாத்தினேன். அவள் முகம் தெரிந்தது.

புதியவர்கள் முதலில் வாசிக்க வேண்டும். மதி வாசித்தாள். குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. என் இரண்டாம் எண்ணுக்கு ஆறு மார்க். எழுதிய வரி இது: “வாசிப்பு ரொம்ப நேர்த்தி. ஆனால் இந்த இசை அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, கேட்கிறவர்கள் கை தட்டுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.”

யாரோ “சரியாச் சொன்னீங்க” என்றார்கள். நான் போட்டுக் காட்டியதே அவளுக்கு மறந்து போயிருக்கும்.

கடைசியில் என் முறை. வில்பிரட் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். “அண்ணாச்சி வந்தாச்சு, எல்லாரும் ஸ்பீக்கர ஏத்துங்க!”

நானும் விடவில்லை. ஒவ்வொன்றாக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். நான்காம் எண் வந்தது.

“ஒரு மார்க். அதுவும் அனுப்பிய உழைப்புக்கு. ஆளில்லாத வீட்டில் யாரோ பாத்திரத்தை உருட்டுகிறார்கள். ஒட்டும் தெரிகிறது. இதைச் செய்தவரோடு அவர் வீட்டில் யாரும் பேசுவதே இல்லை போலிருக்கிறது. யாராவது அவரிடம் கொஞ்சம் பேசுங்களப்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். வில்பிரட் இருமும்வரை சிரித்தான். தன்னுடையதற்கே இப்படிச் சிரிக்கிறானே, கெட்டிக்காரன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்று நினைத்தேன். கதவு இடுக்கில் பார்த்தேன். மதி சிரிக்கவில்லை. செம்பிலிருந்து போன் சரிந்திருந்தது, அதை நேராக்கி வைத்தாள்.

ஆறாம் எண்: “பத்து. குழந்தை முதல் அடி வைப்பது போல் இருக்கிறது. விழுந்தாலும் அழகுதான். தட்டிக்கொடுக்க வேண்டும்.”

“ஆறுக்கா பத்து?” என்று வில்பிரட் கேட்டான். “அண்ணாச்சி, நாங்க எல்லாரும் ரெண்டும் மூணும்லா போட்டிருக்கோம்!”

“எனக்குப் பிடிச்சிருந்தது டே.”

அப்புறம் பூங்கொடி பெயர்களைச் சொன்னார். இரண்டு, நயினார் அண்ணா. ஆறு, சேலத்துப் பல் டாக்டர். ஒன்பது, வில்பிரட், அவன்தான் முதலிடம். நாலு மார்க் வித்தியாசத்தில் இரண்டாம் இடம் நான்காம் எண். “நாலு நம்ம காந்திமதி அக்காங்க. மொதத் தடவையே இப்படி ஒண்ணு, நானும் வீட்டுக்காரரும் வேலைய விட்டுட்டுக் கேட்டுட்டே இருந்தோமுங்க.”

நான்தான் வாயைத் திறந்து, “மதி, நல்லாருந்தது” என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் கேட்டார்கள். அதுவும் எதிரொலித்தது.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

அடுக்களைக்குப் போனேன். மதி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதுல்லா, மதி. வில்பிரட்டோடதுன்னு நெனச்சிட்டேன். அவன் மறுபடியும் ஜெயிச்சிரக் கூடாதுன்னு...”

“அவன்தான் ஜெயிச்சிருக்கான்.”

“ஒன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு மார்க் போட்டிருப்பேனா? பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். சத்தியமா.”

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. களைத்துப் போயிருந்தாள்.

“தெரியும். அதான் ஆறுக்குப் போட்டீங்களே பத்து.”

தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள்.

“ஒரு மார்க்கு வலிக்கல. யாரோன்னு நெனச்சுப் போட்டீங்க, சரி. ஆனா அந்த ஆறாம் நம்பரக் கேட்டுட்டு, இது என் பொண்டாட்டி செஞ்சதாத்தான் இருக்கும்னு நெனச்சீங்களே. அத எங்க கொண்டு போய் வைக்கச் சொல்லுதீங்க?”

“நீ அன்னைக்கு அந்தப் புல்லாங்குழல வாசிச்சியே! நான் கேட்டேனே!”

“அத மறுநாளே அழிச்சிட்டேன். நல்லா இல்லன்னு எனக்கே தெரிஞ்சிது.” மறுபடி கரண்டியை எடுத்தாள். “இட்லி மூடி, தண்ணி டிரம்மு. ரெண்டும் இந்த வீட்டுச் சத்தம்தான். நீங்களும் இங்கதான இருந்தீங்க?”

“என்னுதுன்னு தெரிஞ்சுதான ஆறு போட்ட?”

“ஆமா. ஆறுதான் வரும்.”

தோசை மூன்று வைத்தாள். சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றும் ஆகியிருக்காது.

ஜூன் 24, செவ்வாய்

பூங்கொடிக்குப் போன் செய்தேன். மார்க்கை மாற்ற வேண்டும், கவனக்குறைவாகப் போட்டுவிட்டேன் என்றேன். எனக்கே அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

“எந்த நம்பரயிங்ணா மாத்தணும்?”

“நாலு. ஏழு எட்டாவது போடணும்மா அதுக்கு.”

“அக்காவுதுன்னு தெரிஞ்சதுக்கப்புறம் மாத்துறீங்களா, முன்னாடியே தோணுச்சுங்களா?”

“முன்னாடியே...” என்று இழுத்தேன்.

“அண்ணா, இதுக்குத்தானுங்க பேரையே மறைக்கிறோம்.” கோபமில்லாமல்தான் சொன்னார். அப்புறம், “ஒட்டு தெரியுதுன்னு எழுதியிருந்தீங்ளே, எந்த எடத்துலீங்ணா? நாங்க தேடித் தேடிப் பாத்தோம், எங்களுக்குக் கெடைக்கவே இல்லீங்க. இருந்தா சரிபண்ணிரலாம்னுதான் கேக்கறேன்” என்றார்.

யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

மதி வழக்கம்போலப் பேசுகிறாள். பால் கவர் வந்துவிட்டதா, சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டதா, இன்று வர நேரமாகும். சண்டை போட்டால் பதில் சொல்லலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 28, சனி

மதி வீட்டில் இல்லை, அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மாதிரி விளையாட்டைத் திறந்தேன். பழக்கமில்லாத கை, மேல் மாடிகளிலேயே இரண்டு தடவை தண்ணீரில் விழுந்து செத்தேன். ஒருவழியாக அடித்தளத்துக்கு வந்தேன். கும்மிருட்டு. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

என் இசையைப் பக்கத்தில் போனில் போட்டுக்கொண்டு ஆடினேன். வயலினும் மணியும் முழங்கின. எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் கதவு கிடைக்கவில்லை. சுவர் சுவராக முட்டி, கடைசியில் எரிச்சலோடு நிறுத்தினேன்.

பிறகு நான்காம் எண்ணைப் போட்டேன். தகரம் விழுந்து அதிர்ந்து அடங்கியது. அந்த மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள் சரியாக, வலது பக்கம், தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டுக்காகத்தான் அவ்வளவு இடம் விட்டிருக்கிறாள். வலது பக்கம் போனேன். மறுபடி மௌனம், மறுபடி சொட்டு, இன்னும் பக்கத்தில். கதவு திறந்தது.

அந்தத் தளத்தில் பெண்ணுக்குத் துணை என்று வேறு எதுவும் கிடையாது. மூடிச் சத்தமும் டிரம் சத்தமும் மட்டும்தான். என் வீட்டுச் சத்தம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மதி வந்ததும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். “சாப்பிட்டீங்களா?” என்றாள். “சாப்பிட்டேன்” என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

வில்பிரட் கூப்பிட்டான். எடுக்க மனமில்லை, எடுத்தேன்.

“அண்ணாச்சி, காந்திமதி மைனி விஷயம் கேள்விப்பட்டு சந்தோஷமா இருப்பீங்க. நான்தான் பூங்கொடிட்ட சொன்னேன், மத்ததெல்லாம் நான் போடுதேன், அந்த அடித்தளத்துக்கு மட்டும் என்னோட வீண வேண்டாம், மைனியோடதுதான் நிக்கும்னு. அவ்வோ இன்னும் ரெண்டு தளத்துக்கும் கேட்டிருக்காவ. மைனி சரின்னுட்டாங்கல்லா!”

“ஆமா, சொன்னா” என்றேன்.

அவள் சொல்லவில்லை. சாயங்காலம் கேட்டேன்.

“பூங்கொடி மூணு தளம் குடுத்திருக்காவளாமே?”

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

கொஞ்சம் யோசித்தாள். குத்திக் காட்டுவதற்காக யோசித்த மாதிரி இல்லை. “சொல்லணும்னு தோணலங்க” என்றாள்.

என் அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்பீக்கர் இருக்கிறது, நல்ல நாற்காலி இருக்கிறது, நான் கூடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள், அடுக்களைதான் பழகிவிட்டதாம். பரணில் கிடந்த என் சின்னக் கீபோர்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று, அடுத்த வீட்டுக்காரரிடம் ஏணி கேட்கிற மாதிரி கேட்டாள். நானே ஏறி இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். “தேங்க்ஸ்” என்றாள். எங்களுக்குள் அந்த வார்த்தை எப்போது வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

மதி ஆபீசிலிருந்து வரும்போது புது ஹெட்போன் வாங்கி வந்திருக்கிறாள். காது முழுவதையும் மூடுவது. இரண்டு பக்கமும் கேட்குமாம்.

ஜூலை 6, ஞாயிறு

எட்டாம் தேதி தேர். விளம்பரத்துக்கு நான் கொடுத்த நாதஸ்வரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மெஷினிடம் கேட்டு வாங்கியது போதுமாம். இன்று எனக்கு வேலை எதுவும் இல்லை.

காலையிலிருந்து மதி அடுக்களைத் தரையில் கீபோர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹெட்போன் மாட்டியிருப்பதால் சுரம் ஒன்றுகூட வெளியே வருவதில்லை. பிளாஸ்டிக் கட்டைகளில் விரல் விழும் டொக் டொக் மட்டும் கூடம்வரை கேட்கிறது.

அடுக்களை வாசலில் போய் நின்றேன். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஒரு காதை மட்டும் விலக்கி, “என்னங்க, காப்பியா?” என்றாள்.

“இல்ல. ஸ்பீக்கர்ல போடேன். நானும் கேக்கேன்.”

“வேண்டாங்க. இப்படியே இருக்கட்டும்.”

“மதி, அந்த நாலாம் நம்பர்... நான் அன்னைக்கு அந்த வெளையாட்ட ஆடிப் பாத்தேன். அந்தத் தண்ணி சொட்டுதது...”

“ஆடுனீங்களா?” என்றாள். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். “காப்பி ஃபிளாஸ்க்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

காப்பியை ஊற்றிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். டொக் டொக். ஒரு இடைவெளி. மறுபடி டொக். கட்டைச் சத்தத்தை வைத்தே மெட்டைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன், என்ன இருந்தாலும் இதே கீபோர்டில் கை தேய்ந்தவன் நான். சுரம் பிடிபடவில்லை. சரி, எந்த இடத்தில் முடிந்து மறுபடி முதலுக்குத் திரும்புகிறது என்பதையாவது கண்டுபிடிக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காப்பி ஆறிவிட்டது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.